மடைக்காவலர் கோடனின் வலக்கை

நீர் நிறைக. நெறி நிற்க. கேட்கும் செவிகள் நெடிது வாழ்க.

ஏழ்துறை நாடாளும் கோமான், மேகமலைக்கு இறைவர், முத்துக்குடை மூன்றுடையார், பெருமுகில் நகரத்து அரியணையில் வீற்றிருக்கும் மணிவரையர் திருமுன்பு, அவர்தம் தந்தையார்க்கு மூத்த உடன்பிறந்தாளும், நீர்வாயிற் கோட்டத்தை முப்பத்தோராண்டு ஆண்டு வருபவளுமாகிய காரிநங்கை விடுத்த ஓலை.

தங்கள் நகரும் படையும் பட்டத்தரசியாரும் மக்களும் நலமென்று நம்புகிறேன். நம்புகிறேன் என்றுதான் எழுத முடிகிறது. நலமா என்று கேட்டறிய ஆளில்லை; தங்கள் ஓலையைக் கொண்டுவந்தவரின் வாய் கட்டப்பட்டிருந்தது.

அவ்வோலை கார்த்திகை ஒன்பதாம் நாள் என் கைக்கு வந்தது. பேரேரியின் மடைக்காவலர் கோடன் என்பவர், அரசர் நீராட்டு விழாவன்று ஐந்து மதகுகளையும் திறக்கச் சொன்ன ஆணையை மீறி ஒன்றை மட்டுமே திறந்தார் என்பது அதில் முதற்குற்றம். பணியிலிருக்கையில் அயலூர்ப் பெண்ணொருத்தியோடு வீண்பேச்சுப் பேசினார் என்பது இரண்டாம் குற்றம். இவ்விரண்டுக்குமாக, வரும் அமாவாசைக்குள் அவருடைய வலக்கையை ஏரிக்கரையில் ஊரார் காண வாங்கிவிட்டு, வாங்கிய செய்தியை எழுதியனுப்புமாறு எனக்குக் கட்டளை. அடியில் ஓலைநாயகம் சீராளதேவர் தம் கையால், "இவ்வாணை முறைப்படி அறிவிக்கப்பட்டது, ஆகவே இதன்மேல் பேச்சில்லை" என்று எழுதியிருந்தார்.

அமாவாசை முந்தாநாள் கழிந்தது. கோடனுடைய இரண்டு கைகளும் அவரிடமே இருக்கின்றன. நான் அதைச் செய்யவில்லை. இனியும் செய்யமாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிட்டால், மீதியைத் தாங்கள் பதற்றமின்றிப் படிக்கலாம்.

எனக்கு ஆண்டு எழுபத்தாறு. அறிந்த நாள் முதலாக, யார் எக்கதை சொன்னாலும் என் காதில் அது இருவர் பேசிக்கொள்வதாகவே விழும். போர்க்கதை சொன்னால் வென்றவன் கேட்பதும் தோற்றவன் விடை சொல்வதும் கேட்கும். ஓலை படிக்கும்போதும் அப்படித்தான். தங்கள் ஓலையைப் படித்தபோது மட்டும் ஒரே குரல்தான் கேட்டது. மறு குரல் எங்கே என்று திரும்பத் திரும்பப் படித்தேன். ஓலையில் அது இல்லை. ஆகவே பல்லக்கு ஏறி, ஒரு நாள் வழி கடந்து, பேரேரிக் கரைக்கு நானே சென்றேன்.

அங்கே அறிந்ததைச் சொல்லுமுன், சீராளதேவர் நீக்கிய வழக்கம் ஒன்றை நினைவூட்ட வேண்டும். தங்கள் தந்தையார் காலம் வரையில் இந்நாட்டில் ஓலை தனியே போனதில்லை. ஓலையோடு வாய்க்காரர் ஒருவர் போவார். அரசர் மனத்தை அறிந்தவராக, அவருக்காக விடை சொல்லும் உரிமை பெற்றவராக அவர் இருப்பார். ஓலை பெறுகிறவர் அவருக்குப் பாய் விரித்துக் கஞ்சியும் மோரும் கொடுத்து, எதிரே தரையில் அமர்ந்து கேட்பார். ஏன் இந்த ஆணை, இன்னது நடந்தால் என் செய்வது, இதை எழுதும்போது அரசர் எதை அஞ்சினார் என்று, கேட்க வேண்டியதையெல்லாம் கேட்பார். வாய்க்காரருக்கு விடை தெரியாவிட்டால் திரும்பிப் போய்க் கேட்டு வருவார். இனிக் கேட்பதற்கில்லை என்று இருவரும் சொன்ன பின்பே பாயைச் சுருட்டுவோம். பாய் சுருட்டாத ஆணை இந்நாட்டில் செல்லாது.

இதில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. வாய்க்காரர்களில் சிலர் உண்டு கொழுத்தார்கள். ஒருவர் என் மாளிகையில் பதினோரு நாள் தங்கி, நான்கு நாளுக்குமேல் கேட்க ஒன்றுமில்லை என்று தெரிந்தும், பாயைவிட்டு எழாமலே இருந்தார். வேறொருவர், சாலைப் புளியமரங்களை வெட்டும் ஆணையைக் கொண்டுவந்து, மூன்று நாள் பேசியபின் தம் மனமே மாறி, பெருமுகிலுக்குத் திரும்பித் தங்கள் பாட்டனாரோடு வாதிட்டு, மரங்களைக் காத்தார். பாட்டனார் சினந்தார். ஆயினும் அந்த மரங்களின் நிழலில்தான் தங்கள் தேர்கள் இன்றும் போகின்றன.

காலம் வீணாகிறது என்றும், அரசர் சொல் வாய் மாறித் திரிகிறது என்றும் சொல்லி, இரண்டாண்டுக்கு முன் சீராளதேவர் வாய்க்காரர்களை நீக்கி ஓட்டர்களை வைத்தார். ஓட்டர் ஓலை கொடுப்பதற்குமுன் தம் வாயில் சிவப்புப் பட்டி கட்டிக்கொள்ள வேண்டும். கொடுத்து, ஊர் எல்லை தாண்டும் வரையில் அவிழ்க்கக் கூடாது. ஆம் என்றோ இல்லை என்றோ தலையும் அசைக்கக் கூடாது. அசைத்தால் நாக்கு இழப்பார் என்று விதித்தார். அன்று நான் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டேன். அந்தக் குற்றம் என்னுடையது.

இனிப் பேரேரியில் நடந்தது.

ஐப்பசியில், விழாவுக்குப் பன்னிரண்டு நாள் முன்பு, கோடனுக்கு ஆணை வந்தது. விழாநாள் விடியலில் ஐந்து மதகுகளையும் ஒருசேரத் திறந்து, அரசரின் தெப்பம் மிதந்து போகும்படி அரசவாய்க்காலை நிரப்ப வேண்டும் என்பது அது. கோடன் ஐம்பது வயதுக்காரர். மடையிலேயே பிறந்தவர் போல நீரின் குணம் அறிந்தவர். நாக்கில் முள் உள்ளவர். ஐந்து மதகும் ஒருசேரத் திறந்தால் வாய்க்காலில் இரண்டு ஆள் உயரம் நீர் ஓடும் என்று அவருக்குத் தெரியும். கரட்டுக்கு அப்பால் வாய்க்கால் மதகிலிருந்து கண்ணுக்குத் தெரியாது; விழா முடியும்வரை அப்பக்கம் ஊரார் போகக் கூடாதென்று அரண்மனைத் தடையும் இருந்தது. ஓலையைப் படித்தவுடன் ஓட்டரைப் பார்த்து, வாய்க்கால் வழியாகத்தானே வந்தீர், உள்ளே ஆள் மாடு ஏதும் உண்டா என்று கேட்டிருக்கிறார். ஓட்டர் பேசவில்லை. கோடன் மறுபடியும் கேட்டிருக்கிறார். பிறகு அவர் சொன்னதாகச் சுற்றியிருந்தவர்கள் எனக்குச் சொன்னது இது:

"என் மாமியாகூட மூணு கேள்விக்கு ஒண்ணுக்காவது முனகும். நீ மதகுப் பலகையாட்டம் நிக்கிறியேப்பா."

ஓட்டர் அதற்கும் அசையவில்லை. ஆகவே கோடன் தம் கேள்விகளை ஓலையில் எழுதி அவரிடமே கொடுத்தனுப்பினார். பெருமுகிலுக்குப் போக நான்கு நாள், வர நான்கு நாள். எட்டாம் நாள் ஓட்டர் மறு ஓலையோடு வந்து நின்றார். அந்த ஓலையை நான் என் கண்ணால் பார்த்தேன். முன் அனுப்பிய ஆணையே சொல் மாறாமல் எழுதப்பட்டிருந்தது. எழுத்து மட்டும் சற்றுப் பெரிதாக இருந்தது. மடைக்காவலருக்குக் கண் மங்கிவிட்டது என்று எண்ணினார்கள் போலும்.

விழாவுக்கு முந்தின நாள், உச்சிப்பொழுதில், சுண்ணாம்பு அரைக்கும் செம்பி என்ற பெண் குடத்தோடு ஏரிக்கரைக்கு வந்தாள். அவள் நம் கோட்டத்தாள் அல்லள். பேச்சின் இழுப்பிலேயே தெரிந்துவிடும். கோடன் அவளைக் கண்டதும், எந்த ஊர் மருமகள், இந்த வெயிலில் ஏன் இவ்வளவு தூரம் என்று கேட்டார். இதுதான் தங்கள் ஓலையில் இரண்டாம் குற்றமாக எழுதப்பட்ட வீண்பேச்சு. அவள் சொன்ன விடையை அப்படியே எழுதுகிறேன். அறுபது உயிர் இந்தச் சொற்களில்தான் தொங்கியது.

"மருமவ எல்லாம் இல்லண்ணே, கூலிக்கு வந்தவ. கரட்டுக்கு அந்தாண்ட வாய்க்காலுக்குள்ள படித்துறை கட்டுறோம்ல, அறுவது பேரு. அங்க கெடக்குற தண்ணி கலங்கலு, சுண்ணாம்பு கூடமாட்டேங்குது. அதான் தெளிஞ்ச தண்ணிக்கு வந்தேன். நாளைக்கு ராசா வர்றதுக்குள்ள முடிக்கணுமாம், முடிக்காம ஏறக்கூடாதாம்."

அரசே, அந்தப் படித்துறை தங்களுக்காக, தங்கள் அரண்மனை ஆணையால் கட்டப்பட்டது. கல்தச்சர்கள் பெருமுகிலிலிருந்து நேரே வந்தவர்கள். ஊராரோடு பேசக் கூடாதென்று அவர்களுக்கும் கட்டளை. அரண்மனைப் பணியைக் கோட்டத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று புதிய முறை வகுக்கப்பட்டதால் எனக்கும் தெரியாது. அவர்களுடைய கண்காணிக்கு வந்த ஓலை, கடைசிக் கல் பொருந்தும் வரையில் ஒருவரும் வாய்க்காலைவிட்டு ஏறக் கூடாது என்றது. கோடனுக்கு வந்த ஓலை, விடியலில் அதே வாய்க்காலை நிரப்பு என்றது. இரண்டிலும் ஒரே முத்திரை. இரண்டும் முறைப்படி அறிவிக்கப்பட்டவை. அறிவித்தவர் யாரும் ஒருவரோடொருவர் பேசவில்லை.

கோடன் தடையை மீறி ஆள் அனுப்பிக் கண்காணியை எச்சரித்தார். எனக்கு வந்தது எனக்கு, உனக்கு வந்தது உனக்கு, கேட்க நாம் யார் என்று கண்காணி சொல்லியனுப்பினார். அவரை நான் பழிக்கவில்லை. கேட்டவன் என்ன ஆவான் என்பதை அவர் அறிந்திருந்தார். கோடனைப் பார்த்தால் நமக்கும் அது தெரிகிறது.

விடியலில் கோடன் ஒரு மதகை மட்டும் ஒரு சாண் உயர்த்தினார். வாய்க்காலில் முழங்கால் அளவு நீர் வந்தது. கல்தச்சர்கள் அந்த நீரிலேயே நின்று கடைசிக் கற்களைப் பொருத்தினார்கள். இதற்கிடையில் மேல்துறையில் தாங்கள் நல்ல நேரம் பார்த்துத் தெப்பம் ஏறிவிட்டீர்கள். தெப்பம் சேற்றில் அமர்ந்தது. இரண்டு நாழிகை, மூன்று நாட்டுத் தூதர்கள் கரையில் நின்று பார்த்திருக்க, குடையும் கவரியும் மேளமுமாகத் தாங்கள் நகராமல் வீற்றிருந்தீர்கள். தூதர்கள் சிரித்தார்கள் என்று கேள்வி. கேட்டபோது நானும் சிரித்தேன், மறைக்கவில்லை. கரட்டின் உச்சியில் நின்று செம்பி, எல்லாரும் ஏறிவிட்டார்கள் என்று முந்தானையை வீசிக் காட்டிய மறுகணமே கோடன் மீதி நான்கையும் திறந்தார். தெப்பம் எழுந்தது. விழா நடந்தது. படித்துறையில் தாங்கள் கால் வைத்து இறங்கியபோது, கல் பதித்தவர்கள் அறுபது பேரும் கரையில் நின்று வாழ்த்தொலி எழுப்பினார்கள். தங்கள் ஆணை தங்கள் விருப்பப்படியே நடந்திருந்தால் அந்த ஒலி எங்கிருந்து வந்திருக்கும் என்பதை நான் எழுதவில்லை.

இத்தனையும் அறிந்தபின் ஓட்டரை அழைத்து வரச் சொன்னேன். பெயர் மருதாடி. நரைத்த மீசைக்காரர். மூன்று முறையும் வந்தவர் அவரே; கை வாங்கும் ஓலையைக் கொண்டுவந்தவரும் அவரே. மறுமொழி தருகிறேன், எல்லை தாண்டாமல் இரும் என்று நான் சொல்லியிருந்ததால் பட்டியின் ஓரத்தில் ஊற்றிய கஞ்சியே உணவாக, பட்டியோடே காத்திருந்தார். அவர் வாய்ப்பட்டியை நான் என் கையால் அவிழ்த்தேன். அந்தக் குற்றத்தையும் என் பெயரில் எழுதிக்கொள்க. அவர் மறுத்துத் தலையை இழுத்துக்கொண்டார், இரண்டு காவலர் பிடித்துக்கொள்ளத்தான் அவிழ்த்தேன். உதடு வெடித்திருந்தது. முதலில் நீர் கேட்டார். பிறகு நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: முதல் முறை வந்தபோது வாய்க்காலில் ஆட்களைப் பார்த்தீரா?

நீர்க் குவளையைத் தரையில் வைத்தார். பின்பு சொன்னார்:

"பார்த்தேன் நாச்சியாரே. அவங்க எனக்குப் பானகம் குடுத்தாங்க. மடைக்காரரு கேட்டுக்கிட்டே இருந்தாரு, நான் அவரு மூஞ்சியப் பார்த்துக்கிட்டே நின்னேன். எனக்கும் பொண்டாட்டி புள்ளைங்க இருக்கு."

பெருமுகிலுக்குத் திரும்பிய பின்னாவது சொல்லியிருக்கலாமே என்றேன். அங்கே ஓட்டனை யாரும் ஒன்றும் கேட்பதில்லை, கையை நீட்டினால் ஓலையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்துவார்கள் என்றார்.

சீராளதேவர் கல்வியில் பெரியவர். அவருக்கு நான் சொல்வது இதுதான். ஓலை வந்து சேர்ந்தது. எழுத்து தெளிவாக இருந்தது. இரண்டாம் முறை மிகத் தெளிவாக இருந்தது. ஓட்டர் ஒரு நாளும் பிந்தவில்லை. அறிவிப்பில் ஒரு குறையும் இல்லை. ஆயினும் கோடனுக்கு வேண்டிய ஒரே ஒரு சொல் அவர் முன்னால் ஒரு முழத் தொலைவில், சிவப்புத் துணிக்குப் பின்னால் இருந்தது. அறிவித்தலுக்கு ஒரு வாய் போதும், செவிகூட வேண்டியதில்லை; முரசும் அறிவிக்கும். பேசுவதற்கு இருவர் வேண்டும். அந்த இருவரும் மற்றவர் சொல்வதைக் கேட்டுத் தம் எண்ணத்தை மாற்றிக்கொள்ளத் துணிந்திருக்க வேண்டும். அரசர்க்கு அது கூசும். கூசட்டும். ஓலைநாயகம் முடிந்துவிட்டது என்று எழுதிய பேச்சு இன்னும் தொடங்கவே இல்லை.

இவ்விடத்தில் கோட்டத் தலைவியாக அன்றி அத்தையாக இரண்டு வார்த்தை. மணிவரையா, சேற்றில் உட்கார்ந்தது உனக்கு இழுக்கு என்று எண்ணுகிறாய். ஏன் நீர் வரவில்லை என்று அந்த இரண்டு நாழிகையில் ஒருவனையாவது அனுப்பிக் கேட்டாயா? மதகு கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. நீ கேட்டிருந்தால் கோடன் சொல்லியிருப்பான். கேட்டறிந்த அரசன் என்று தூதர்கள் தங்கள் நாட்டில் போய்ச் சொல்லியிருப்பார்கள். வீட்டுக்குப் போய், உண்டு, உறங்கி, பிறகு ஒரு மனிதனின் கையை எழுத்தால் கேட்கிறாய். என் தம்பி வீட்டில் அப்படிப் பழக்கமில்லை.

இனி மீண்டும் கோட்டத் தலைவியாக.

இன்று முதல் நீர்வாயிற் கோட்டத்தில் எவருடைய வாயும் கட்டப்படாது. எல்லைக்குள் வரும் ஓட்டர் எவராயினும், அவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், பட்டி அவிழ்க்கப்படும். கண்டது என்ன என்று கேட்கப்படும். மருதாடியும் அவர் குடும்பமும் இனி என் காவலில் இருப்பார்கள். அவர் மனைவி மக்களை அழைத்துவர நேற்றே ஆள் போயிற்று. கோடனுடைய கை பற்றிய ஆணையைப் பெற்றேன், படித்தேன், ஏற்கவில்லை. படை அனுப்பினால் கோட்டைக் கதவைச் சாத்தமாட்டேன். படைத்தலைவரை உட்கார வைத்து, எதற்கு வந்தீர் என்று கேட்பேன். அவர் விடை சொல்லத் தொடங்கினால் அது முடிய நாளாகும்.

ஆனால் இதையும் அறிக. கோடனுக்குத் தீங்கு நேர்ந்தால் இக்கோட்டம் கலகம் செய்யாது. தாங்கள் கேட்டதை மட்டும் தரும். தங்கள் ஓலை ஒவ்வொன்றையும் வாங்கி, பெற்றோம் என்று ஒரு சொல் எழுதும். ஏரி உடையும் நிலையில் இருந்தாலும், பகைவர் எல்லையில் நின்றாலும், தாங்கள் கேளாததை நாங்கள் சொல்லமாட்டோம். பெற்றோம், பெற்றோம், பெற்றோம் என்று வந்துகொண்டே இருக்கும். எல்லாம் முறைப்படி அறிவிக்கப்பட்ட நாட்டில் தாங்கள் அரியணையில் வீற்றிருக்கலாம்.

இந்த ஓலையை ஓட்டர்வழி அனுப்ப எனக்கு மனமில்லை. வாய்க்காரராகப் போகத் தக்கவர் யார் என்று ஏரிக்கரையில் கூடியிருந்தவர்களைக் கேட்டேன். மூவர் முன்வந்தனர். நான்காவதாக வந்தவரை நான் தடுத்தேன். என் காலம் முடியும்வரை அந்தப் பழி வேண்டாம் என்று கெஞ்சியும் பார்த்தேன். அவர் சொன்ன விடை இது:

"கை என்னோடது நாச்சியாரே. கேக்கிறவரு முன்னாடி நானே கொண்டுபோய் நிக்கிறேன். வேணும்னா என்கிட்டயே கேக்கட்டும்."

எழுதியவள் காரிநங்கை, தன் கையால். எழுத்தருக்குச் சொல்லி எழுதுவித்தது அன்று. இட்ட முத்திரை நீர்வாயிற் கோட்டத்து மதகு முத்திரை. சான்று: கல்தச்சர் அறுபதின்மரும் செம்பியும் ஏரிக்கரை ஊராரும். இதைத் தாங்கள் ஓலைநாயகத்திடம் கொடாமல் தாமே படித்து முடிக்க வேண்டும் என்பது இவ்வோலையின் கட்டளை. முடித்தபின் செய்ய வேண்டியதையும் கீழே எழுதுகிறேன்.

இதைத் தங்களிடம் நீட்டியது மடைக்காவலர் கோடனின் வலக்கை. அவர் இப்போது தங்கள் எதிரில், வாய் கட்டாமல் நிற்கிறார். நான்கு நாள் நடந்து வந்திருக்கிறார். முதலில் அவரை உட்காரச் சொல்லி, உண்டாரா என்று கேளுங்கள்.